பாத்துக்கிறோம்

அமிர்தவள்ளி பத்திரிகை வேலையை விட்டுவிட்டாள் என்று அவள் குடியிருந்த சத்துவாச்சாரியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஒருவருக்கும் உண்மை தெரியாது. பத்திரிகைதான் அவளை விட்டது. வேலூர்ப் பதிப்பை மூடுகிறோம் என்று ஆன்லைன் கூட்டத்தில் யாரோ ஒரு மேலாளர் சொன்னார், அதுவும் தன் முகத்தைக் காட்டாமல் வீடியோவை அணைத்து வைத்துக்கொண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஆலை இருக்கிற ஊரெல்லாம் ஸ்கூட்டியில் அலைந்து, வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து மேசைமேல் வைத்து, செய்தி எழுதியவளுக்கு அவ்வளவுதான் மரியாதை. அடையாள அட்டையையும் ஆபீஸ் சிம் கார்டையும் கூரியரில் அனுப்பிவிடச் சொன்னார்கள். அனுப்பிவிட்டாள்.

அந்த சிம் கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோல் ஆலை ஜனங்கள் யாரும் பத்திரிகைக்கு போன் போட்டுப் பேச மாட்டார்கள். பேசினால் யாராவது கேட்டுவிடுவார்கள், மேஸ்திரி காதுக்குப் போய்விடும் என்ற பயம். அதனால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். ஒரு ரிங், அதோடு கட். அமிர்தவள்ளி கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கூப்பிடுவாள். அதற்குள் அந்த ஆள் கக்கூஸ் பக்கமோ பஸ் ஸ்டாப்பிலோ தனியாக வந்து நின்றிருப்பார். இப்படி எத்தனை செய்தி வந்திருக்கிறது தெரியுமா? அந்த நம்பர் ஆம்பூரில் பாதி வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருந்தது என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய் இல்லை.

கோவிந்தம்மாள் அப்படி மிஸ்டு கால் கொடுத்துப் பழக்கமானவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. அவள் புருஷன் ஜீவா அதே முதலாளியின் தோல் ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். தோல் ஏற்றுவது, இறக்குவது, சுண்ணாம்பு அள்ளுவது, எப்போதாவது கழிவுத் தொட்டியில் இறங்கிச் சேறு வாருவது. தொட்டியில் இறங்குவது சட்டப்படி கூடாது. கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், இறங்குகிறவனுக்கும் தெரியும். ஒருமுறை ஜீவாவை மாஸ்க் கூட இல்லாமல் இறங்கச் சொன்னபோது கோவிந்தம்மாள் அமிர்தவள்ளிக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அமிர்தவள்ளி கேமராவோடு ஆலை வாசலில் போய் நின்றாள். ஒரு வரிகூட எழுதவில்லை, வெறுமே நின்றாள். வேலை அன்றைக்கு நின்றுவிட்டது. மறுவாரம் எங்கிருந்தோ மோட்டார் லாரி வந்து சேற்றை உறிஞ்சிக்கொண்டு போனது.

"எங்கூட்டுக்காரரு உசுரு நீ போட்ட பிச்சைக்கா" என்று அன்றைக்கு கோவிந்தம்மாள் சொன்னாள். அமிர்தவள்ளிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தையை மறக்கவும் இல்லை.

பதிப்பு மூடிய பிறகு ஒரு வருஷம் அவள் பட்ட பாடு கொஞ்சமா? வீட்டில் அப்பா ரத்தினசாமி படுத்த படுக்கை. யூடியூப் சேனல்காரன் ஒருவன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் நடிகை விவாகரத்துக்குத் தலைப்பு எழுதச் சொன்னான். திரும்பி வந்துவிட்டாள். அப்போதுதான் சென்னையிலிருந்த பழைய தோழி ஒருத்தி சொன்னாள்: "ஆளுங்ககிட்ட உக்காந்து பேச்சு புடுங்கத் தெரியுமில்ல உனக்கு? அதுக்கு இப்ப யூஎக்ஸ்னு பேரு. கோர்ஸ் இருக்கு, படி."

போன் செயலியில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும், அதைப் பயன்படுத்துகிற ஆள் எங்கே தடுமாறுவார் என்று கூடவே உட்கார்ந்து பார்த்துச் செய்கிற வேலை அது. நாற்பது வயசில், தன்னைவிடப் பாதி வயசுப் பிள்ளைகளோடு ஆன்லைனில் உட்கார்ந்து படித்தாள். அவர்கள் சொன்ன வார்த்தைகளில் பாதி புரியவில்லை. ஆனால் ஆளைப் பேச வைக்கிற பாடம் வந்தபோது வாத்தியாரே இவளிடம் கேட்டுக்கொண்டார். ஒரு பெங்களூரு கம்பெனி எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. டீம் லீடர் நவீன்குமார் என்று ஒரு பையன், ஓசூர்க்காரன். நல்லவன்தான். அவன் அவளை "அமிர்தா" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் முதல் மாதம் முழுக்க அவள் காதில் உறுத்தியது.

அப்புறம் வந்தது ஆம்பூர் வேலை.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள், தொழிலாளிகள் புகார் சொல்ல உங்களிடம் ஒரு வழி இருக்கிறதா என்று. வாயிலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்கியது. அதற்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதனால் ஒரு செயலி செய்யலாம் என்று முதலாளி முடிவு செய்தார். தமிழ் தெரிந்த, அந்தப் பக்கத்து ஜனங்களைத் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் நவீன்குமார் துள்ளினான். "அமிர்தா, இது உங்களுக்காகவே வந்த பிராஜெக்ட்!"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்வானேன், சந்தோஷத்தில் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பத்திரிகையில் எழுதி எழுதி என்ன கண்டோம், இன்று செய்தி, நாளை பஜ்ஜி மடிக்க. இது அப்படியா? ஒரு பட்டனை அழுத்தினால் நேரே மேலே போய்ச் சேரும். இத்தனை வருஷம் தான் ஸ்கூட்டியில் சுற்றிச் செய்ததை இனி ஒரு போன் செய்யும் என்று நம்பினாள். நம்பியதில் தப்பில்லை. நம்பிவிட்டு, கூட நின்று பார்க்காததுதான் தப்பு. அது பின்னால்.

கம்பெனி கேன்டீனில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைப் பார்த்ததும் "பேப்பர்கார அக்கா வந்துட்டாங்கடீ" என்று சூழ்ந்துகொண்டார்கள். நான் இப்போது பேப்பரில் இல்லை என்று அவளும் சொன்னாள்தான். யார் காதில் விழுந்தது? கோவிந்தம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் நம்பரு இன்னா ஆச்சுக்கா? அடிச்சா எவனோ ஹிந்திக்காரன் எடுக்கிறான்."

"அந்த நம்பர் ஆபீஸ்து, கோவிந்தம்மா. குடுத்துட்டேன். இனிமே எனக்கு மிஸ்டு கால் குடுக்க வேணாம். இதுல அமுக்கு. எனக்குச் சொல்றதைவிட இது சீக்கிரம் போவும்."

"நெஜமா யார்னா படிப்பாங்களா?"

"படிப்பாங்க. நான்தான் செய்யறேன் இதை. நீ பயப்படாத."

சொன்னாளா இல்லையா? சொன்னாள். அன்றைக்கு அந்தக் கேன்டீனில் சாம்பார் வாசனையும் பசை வாசனையும் கலந்து அடிக்க, நாற்பது பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க, சொன்னாள்.

புகார்களுக்கு வகை பிரிக்கிற வேலை இருந்தது. சம்பளம், லீவு, கக்கூஸ் கேன்டீன், மேற்பார்வையாளர் நடத்தை, மெஷின் பழுது. இந்த வரிசையில் அமிர்தவள்ளி முதல் வரைவிலேயே ‘தொட்டி வேலை' என்று ஒன்றைப் போட்டிருந்தாள், சிவப்பு எழுத்தில். அதை அழுத்தினால் அந்த நிமிஷமே மேலாளர் போனில் மணி அடிக்கிற மாதிரி. கம்பெனியின் மனிதவள மேலாளர் அன்பரசன் அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. வெண்ணெயாகப் பேசுவார்.

"மேடம், இது ஷூ கம்பெனி ஆப். தொட்டி எங்க இருக்கு, தோல் டேனரில இருக்கு. அது வேற கம்பெனி, வேற ரிஜிஸ்ட்ரேஷன். அங்க இறங்கறவங்க எங்க ஆளும் கிடையாது, கான்ட்ராக்ட். அவங்களுக்கு இதுல லாகின்னே இல்ல. லாகின் இல்லாத ஆளுக்குப் பட்டன் எதுக்கு? நாளைக்கு ஷூ வாங்கற பையர் இதைப் பாத்தா, ஓ, இங்க தொட்டில ஆளை எறக்கறாங்களான்னு கேப்பான். உங்களுக்கும் பேஜாரு, எங்களுக்கும் பேஜாரு."

பத்திரிகையாக இருந்தால் அவள் மேசையைத் தட்டியிருப்பாள். ஒரு வரியை வெட்டியதற்காகத் துணையாசிரியரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் அவள். இங்கே நவீன்குமார் சொன்னான்: "லாஜிக் சரியாத்தானே இருக்கு அமிர்தா. அது நம்ம ஸ்கோப்ல இல்ல. ‘மற்றவை'ன்னு ஒன்னு இருக்கே, அதுல போட்டுக்கட்டும்." ‘மற்றவை'யில் வருவதை வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை மொத்தமாகப் பார்ப்பதாக ஏற்பாடு. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் புது வேலை, பெரிய வேலை, ஒரு பட்டனுக்காக முழுதும் கெட்டுப்போக வேண்டாம் என்று நினைத்தாள். சிவப்புப் பட்டனைச் சொடுக்கினாள், அழித்தாள். இதில் அழிப்பது எத்தனை சுலபம் பாருங்கள். காகிதத்தில் என்றால் அடித்த கோடாவது தெரியும்.

மிச்சம் இருந்தது, புகார் அனுப்பியதும் திரையில் வருகிற வாசகம். ஆங்கிலத்தில் இருந்ததைக் கணினி தமிழாக்கி வைத்திருந்தது: ‘புகார் வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது.' அமிர்தவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். புகாரில் என்னய்யா வெற்றி? தலையில் அடித்துக்கொண்டு, அதை அழித்துவிட்டுத் தானே எழுதினாள். பெரிதாக ஒரு பச்சை டிக். அதன் கீழே, கோவிந்தம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிற மாதிரி: ‘சொன்னதுக்கு நன்றி. கவலைப்படாதீங்க. நாங்க பாத்துக்கிறோம்.'

நவீன்குமாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவனுக்காவது வந்தது. "பாத்துக்கிறோம்னு நாம எப்படிச் சொல்லலாம்? பாக்கப்போறது அவங்கதானே?"

"நவீன், பயந்து பயந்து அமுக்கறவங்களுக்கு ஒரு ஆறுதல் வேணும்பா. ‘பெறப்பட்டது'ன்னு போட்டா தாலுகா ஆபீஸ் சீல் மாதிரி இருக்கும். யாரும் நம்ப மாட்டாங்க."

நம்பினார்கள். சோதனைக்கு உட்கார்ந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தத் திரை வந்ததும் முகம் மலர்ந்தார்கள். அமிர்தவள்ளி அதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினாள். பெங்களூரில் கைதட்டினார்கள். மொத்தச் செயலியிலும் இதுதான் உயிர் என்று யாரோ ஒரு பெரிய அதிகாரி எழுதினார்.

சோதனை ஓட்டம் தொடங்கி மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவுக்கு இட்லியைப் பிட்டுப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பழைய நிருபர்களின் வாட்ஸப் குழு. அதிலிருந்து மட்டும் அவள் விலகவில்லை. ‘ஆம்பூர் அருகே தோல் ஆலைக் கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி.' இந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை எழுதியிருப்பாள். ஊர் மட்டும் மாறும், வயசு மாறும். கை இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தது. கீழே அடுத்த செய்தி வந்து விழுந்தது: ‘பெயர் ஜீவா. வயது 41. மனைவி ஷூ கம்பெனித் தொழிலாளி.'

இட்லிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மாற்றுச் சேலையை எடுப்பதற்குள் நவீன்குமார் கூப்பிட்டான். அவன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிற ஆளே இல்லை.

"அமிர்தா... நியூஸ் பாத்தேன். சும்மா ஒரு டவுட்ல உள்ள போய்ப் பாத்தேன். ‘மற்றவை'ல ஒன்னு இருக்கு. வியாழக்கிழமை வந்திருக்கு."

"படி."

"வேணாம் அமிர்தா."

"படிடா!"

அவன் படித்தான். எழுத்துப் பிழைகளோடு இருந்ததைத் தடுமாறித் தடுமாறிப் படித்தான். ‘என் வீட்டுக்காரரை சனிக்கிழமை தொட்டில எறங்க சொல்றாங்க. மாஸ்க் இல்ல. அவருக்கு மூச்சு வாங்குது. யாராவது நிறுத்துங்க. கோவிந்தம்மா, லைன் நாலு.'

பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். கிளையண்டுக்கு இன்னும் தெரியாது, யாரும் திறக்கவில்லை. சோதனை ஓட்டத்தின் தகவல்களை எப்படியும் மாசக் கடைசியில் துடைத்துவிடுவோம். "நான் மேல எதுவும் சொல்லல. உங்க ஊரு, உங்க மனுசங்க. வச்சிருக்கணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

"வச்சிரு. தொடாத" என்றாள்.

அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியவள், பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டாள். பள்ளிகொண்டா தாண்டி, மாதனூர் தாண்டி, ஜன்னல் வழியாகத் தோல் நாற்றம் வரத் தொடங்கியபோது வாக்கியம் வாக்கியமாக மனசில் எழுதிக்கொண்டு வந்தாள். தொழிலாளியின் மனைவி இரண்டு நாள் முன்பே எச்சரித்தார். புகார் படிக்கப்படவே இல்லை. தொட்டி வேலைக்கென்று இருந்த பட்டனை நிர்வாகம் நீக்கச் சொன்னது, நான் நீக்கினேன். ஆமாம், நான் என்றுதான் எழுத வேண்டும். வேலை போகும். போகட்டும். எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று ஆலைக்காரன் சொல்ல முடியாது, வழக்கு நிற்கும். அவளால் கோவிந்தம்மாளுக்குச் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான். பாவம், பத்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா, தலைப்புக்கூட யோசித்துவிட்டாள்.

காலனி வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீவாவின் அம்மா பூவம்மாள் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போவமாட்டேன்னு சொன்னானே என் புள்ள. நேத்து காலைல எங்கிட்ட சொன்னானே. அவன எவ அனுப்புனது, எவன் அனுப்புனது, சொல்லுங்க!"

‘மேஸ்திரி கூப்ட்டிருப்பான் அத்தே' என்று ஒரு பெண் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். கிழவி கேட்கிற மாதிரி இல்லை.

உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்த கோவிந்தம்மாள் அமிர்தவள்ளியைப் பார்த்ததும் எழுந்தாள். அழவில்லை. கையைப் பிடித்து, பின்பக்கம் ஓலை மறைப்புப் போட்ட குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் விரல்களில் ஷூப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

"வந்துட்டியாக்கா."

அமிர்தவள்ளி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவரு போவமாட்டேன்னுதான்க்கா சொன்னாரு" என்றாள் கோவிந்தம்மாள். குரலைத் தாழ்த்தி, வேக வேகமாகப் பேசினாள். "சட்டை கூட போடல. உக்காந்துட்டாரு. மேஸ்திரி ரெண்டு வாட்டி போன் அடிச்சான். நான்தான் இன்னா பண்ணேன், என் போனை எடுத்துக் காட்டுனேன். பாருய்யா, பச்சையா வந்துட்ச்சி, பாத்துக்கிறோம்னு போட்டிருக்குது, இது அமிர்தாக்கா எழுதுனது, அன்னிக்கு வாசல்ல வந்து நின்னு நிறுத்துச்சே, அதே அக்கா. இந்நேரம் மாஸ்க்கு வந்திருக்கும், லாரியே வந்திருக்கும், போய் நின்னா போதும், நாள் வேலை போவக்கூடாதுன்னு சொன்னேன். சிரிச்சாரு. உங்கக்கா சொன்னா சரிதான்னு சட்டையப் போட்டுக்கினாரு."

கோவிந்தம்மாள் வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"பழைய மாதிரி இருந்தா நான் மிஸ்டு கால் குடுத்திருப்பேன். நீ கூப்புடலைன்னா நானே ஓடிப்போய் அவரு காலைப் புடிச்சிக்கினு கிடந்திருப்பேன். அதுல பாத்துக்கிறோம்னு இருந்துச்சேக்கா. அதான் நான் லைனுக்குப் போய் மெஷின்ல உக்காந்துட்டேன்."

"கோவிந்தம்மா, கேளு" என்றாள் அமிர்தவள்ளி. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "உன் மேல ஒன்னும் இல்ல. தப்பு என்னுது. நான் எல்லாத்தையும் சொல்லிடறேன். வெளிய யாசிர்னு ஒரு ரிப்போர்ட்டர் பையன் நிக்கறான், என்னைத் தெரியும் அவனுக்கு. நீ எழுதினது அப்படியே பத்திரமா இருக்குது. அதைக் காட்டினா அவங்க தப்பிக்க முடியாது. போலீஸ் கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும்."

கோவிந்தம்மாள் அவள் கையை விட்டாள்.

"அத அழிச்சுடு."

"என்னது?"

"அழிச்சுடுக்கா. உன் கையிலதானே கீது."

அமிர்தவள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோவிந்தம்மாள் விடவில்லை. காலையிலேயே அன்பரசன் வந்துவிட்டுப் போனாராம். முன்னாடியே யாரிடமாவது எதையாவது சொன்னாயா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டாளாம். நல்லது, உன் வேலைக்கு நான் பொறுப்பு, உன் தங்கச்சி வேலைக்கும் நான் பொறுப்பு என்றாராம் அவர்.

"அவனுங்க வேலைய வச்சு மிரட்டறாங்க கோவிந்தம்மா. அதுக்கு பயந்து..."

"வேலை மயிரு போச்சு!" கோவிந்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அக்கா என்பது போய்விட்டிருந்தது. "வாசல்ல அந்தக் கெழவி கேக்குறது உன் காதுல விழல? யாரு அனுப்புனதுன்னு கேட்டுக்கினே இருக்குது. ராத்திரியிலிருந்து கேக்குது. யாருக்கும் தெரியாது. எனக்கும் செத்தவருக்கும்தான் தெரியும். நீ பேப்பர்ல போடு. வியாழக்கிழமையே பொண்டாட்டி புகார் குடுத்தான்னு போடு. எல்லாம் தெரிஞ்சவ சனிக்கிழமை அவன ஏன்டி போவ விட்டன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? என் பொண்ணு கேக்கும். எட்டாவது படிக்கிது, பேப்பர் படிக்கத் தெரியும் அதுக்கு. பச்சை டிக்கைப் பாத்து அனுப்புனேன் கண்ணுன்னு சொல்லட்டா?"

"என் தப்புன்னு நான் சொல்றேனே..."

"உன் தப்புதான். எனக்குத் தெரியாதா? உன்ன நம்பித்தான் அனுப்புனேன்." அவள் மூச்சு வாங்கினாள். "நீ சொல்லுவ. அழுவ. உன் மனசு ஆறிடும். அப்புறம் வேற வேலைக்குப் போயிடுவ. பேப்பர் போச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு. கம்ப்யூட்டர் போனா இன்னொன்னு வரும் உனக்கு. நான் எங்க போவேன்? இதே ஊட்டுல, அந்தக் கெழவி மூஞ்சிலயும் என் பசங்க மூஞ்சிலயும்தானே முழிக்கணும் சாவறவரைக்கும்? இந்த ஒன்னாவது பண்ணு எனக்கு. அழிச்சுடு."

சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகைச் சத்தம் குளியலறை வரைக்கும் கேட்டது.

அமிர்தவள்ளி ஓலை மறைப்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ. உண்மை வெளியே வந்தால் அடுத்த தொட்டியில் இறங்கப்போகிற ஒருவன் பிழைப்பான் என்று அவளுக்குத் தெரியும். எவனோ ஒருவன், பேர் தெரியாத ஒருவன். இங்கே அழுகிறவளுக்குப் பேர் இருக்கிறது. அவள் ஒரே ஒரு காரியம் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட இரண்டாவது காரியம் அது.

நவீன்குமாரைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அந்த ஒன்னை எடுத்துடு" என்றாள்.

"அமிர்தா, நிச்சயமாவா? எடுத்தா திரும்ப வராது."

"எடுத்துடு நவீன்."

அவன் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவள் மனசு மாறியிருக்கும். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. முடிந்தது என்றான். உங்களுக்கு ரெண்டு நாள் லீவ் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னான், நல்ல பையன்.

யாசிர் தெருமுனையில் பைக்கில் சாய்ந்தபடி போனில் செய்தி அடித்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான். வேலூரில் புது நிருபர்கள் எல்லோருக்கும் அவள் பேர் தெரியும். அவள் எழுதிய பழைய தொட்டிச் செய்திகளைத் தேடிப் படித்துத்தான் தான் இந்த வேலைக்கே வந்ததாக ஒருமுறை அவளிடம் சொன்னவன்.

"மேடம், நீங்களே வந்துட்டீங்க. ஒன்னு கேக்கணும். அந்தம்மா முன்னாடியே கம்பெனில புகார் குடுத்ததா லைன்ல ஒரு லேடி சொல்றாங்க. ஏதோ ஆப்ல போட்டாங்களாம். உண்மையா?"

"இல்ல" என்றாள் அமிர்தவள்ளி.

"நல்லா விசாரிச்சிட்டீங்களா மேடம்? ஏன்னா, அது மட்டும் இருந்தா இது பெரிய ஸ்டோரி. முதல் பக்கம்."

"அந்த ஆப்பைச் செஞ்சதே நான்தான் யாசிர். வந்திருந்தா எனக்குத் தெரியாதா? அப்படி ஒன்னும் வரல."

அவன் முகம் வாடிப்போனது. அடித்து வைத்திருந்த நான்கைந்து வரிகளை விரலால் தேய்த்து அழித்தான். ஆஸ்பத்திரி வண்டி தெருவுக்குள் திரும்பியது. ஷாமியானாவில் எல்லோரும் எழுந்தார்கள். பூவம்மாளின் குரல் எல்லாருடைய குரலுக்கும் மேலே கேட்டது. வண்டிக்கு வழிவிட்டு இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"முன்கூட்டியே புகார் எதுவும் வரவில்லைன்னு போட்டுடறேன்" என்றான் யாசிர். "யார் சொன்னதா போடறது? குடும்பத்தினர் கூறினர்னு போட்டுக்கவா?"

"குடும்பத்தை இழுக்காத. என் பேரைப் போடு."

"உங்க பேரா? எதுக்கு மேடம், சும்மா நிறுவனத் தரப்புன்னு..."

"போடு யாசிர். செயலியை வடிவமைத்தவர்னு போட்டு, என் பேரை முழுசா போடு."

அவன் தயங்கித் தயங்கி அடித்தான். வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"இனிஷியல் மேடம்?"

"ர" என்றாள்.